சூடேறாத இன்ஜின்

காளியம்மாவின் பழைய காருக்குள் இன்ஜினை இறக்கிப் பொருத்திய மறுநாள் காலை, கோகுலராஜ் ஜாசின் ஊரிலிருந்த பட்டறைக்கு மற்றவர்களுக்கு முன்பே வந்துவிட்டான். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிது. ஒவ்வொரு போல்ட்டையும் அவனே முறுக்கியிருந்தான். வேறு யாரையும் தொட விடவில்லை.

"இந்த இன்ஜின நீ தனியா கட்டு. நல்லா வந்துச்சுன்னா புக்கிட் பெருவாங்ல இருக்கற நம்ம இன்னொரு கடைய நீயே பாத்துக்க" என்று முதலாளி பாலகிருஷ்ணன் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். எஸ்டேட் பள்ளியை விட்டதிலிருந்து இதே பட்டறையில் நிற்பவனுக்கு அது பெரிய வார்த்தை. மனைவி நளினி புக்கிட் பெருவாங்கில் வாடகை வீடே பார்த்துவிட்டாள்.

பாலகிருஷ்ணன் வந்தார். கூடவே அவர் மனைவியின் அண்ணன் மகன் தினேஷ்வரன், கையில் ஐஸ் மைலோ பொட்டலத்துடன். அவன் பட்டறை வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன.

"ஸ்டார்ட் பண்ணு."

இரண்டாவது முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. டாஷ்போர்டில் எண்ணெய் அழுத்தம் காட்டும் விளக்கு அணைந்தது. கோகுலராஜ் இறங்கிப் போய்ப் பின்புறம் குனிந்து பார்த்தான். நீலப் புகை இல்லை. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். தட்டல் எதுவும் இல்லை.

"எப்படிடா?"

"சுத்தமா இருக்கு பாஸ். சூடாகட்டும். அப்புறம் மெதுவா ரோட்டுல விட்டுப் பாக்கலாம்."

பாலகிருஷ்ணன் சாலையைப் பார்த்தார். எதிர்ப்புறம் பஸ்ஸிலிருந்து காளியம்மா இறங்கிக்கொண்டிருந்தார். பசாரில் இடியாப்பம் விற்பவர். பானைகளைப் பஸ்ஸில் ஏற்ற முடியாததால், கார் படுத்த நாளிலிருந்து வியாபாரத்துக்குப் போகவில்லை. அவரை இந்த நேரத்துக்கு வரச் சொன்னது பாலகிருஷ்ணன்தான். கோகுலராஜுக்கு அது தெரியாது. அவன் சாலைக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"ஏறி உக்காரு. முழுசா அமுக்கு."

"பாஸ், இப்பத்தான் ஸ்டார்ட் பண்ணிருக்கு. எண்ணெ இன்னும் சூடாகல. ரிங்கெல்லாம் புதுசு, உள்ள கீறிடும்."

"நீ கட்டுன இன்ஜின் மேல உனக்கே நம்பிக்கை இல்லையா? தனியா கடை நடத்தப் போறவன்லா நீ?"

தினேஷ்வரன் உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்தான். "இன்ஜினுக்கு முன்னால அண்ணன் சூடாயிட்டாரு மாமா. வேர்க்குது பாருங்க."

கோகுலராஜ் ஏறி உட்கார்ந்தான். பெடலில் காலை வைத்தான், எடுத்தான். பிறகு மறுபடி வைத்துத் தரைவரை அழுத்தினான்.

இன்ஜின் அலறியது. இன்ஜின் வேகத்தைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டில் போய் நின்று நடுங்கியது. பாலகிருஷ்ணன் கை காட்டும்வரை அவன் காலை எடுக்கவில்லை.

சத்தம் இறங்கியது. இன்ஜின் முன்போலவே சீராக ஓடியது. கோகுலராஜ் சிரித்துக்கொண்டே இறங்கினான்.

"யாருப்பா என் வண்டிய இப்படி அலற விடறது?" காளியம்மா வாசலில் நின்றார்.

"அதத்தான்கா நானும் பாத்துக்கிட்டு நிக்கறேன்" என்றார் பாலகிருஷ்ணன். "டேய், சூடாகாத புது இன்ஜின அமுக்கினா என்னாகும்? அக்காகிட்ட சொல்லு."

"நீங்கதானே பாஸ் அமுக்கச் சொன்னீங்க?"

"ஆமா, சொன்னேன். என்னாகும், அதச் சொல்லு."

"உள்ள கீறல் விழலாம்."

"தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் அமுக்கினே." அவர் காளியம்மாவிடம் திரும்பினார். "வேலை வாங்கற மண்டோர் சொன்னா எந்த மரத்தையும் வெட்டற எஸ்டேட்டு புத்திக்கா. கடை கிடைக்கும்னா எதையும் அமுக்குவான். இவன நம்பி எப்படி புக்கிட் பெருவாங்க விடறது? தினேஷ் போகட்டும்."

"அக்கா, அவருதான்..."

"மொதலாளி ஆயிரம் சொல்லுவாரு" என்றார் காளியம்மா. "காலு உன்னோடதுதானப்பா? இனிமே என் வண்டிய நீ தொடாத. அந்தத் தம்பி பாக்கட்டும்."

இதற்குள் இன்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தது. உள்ளே கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க, பாலகிருஷ்ணன் அதை அணைத்துவிட்டு, நான்கு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கின்றன என்று தினேஷ்வரனை அளக்கச் சொன்னார். தினேஷ்வரன் மீட்டரை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"சொல்லிக் குடுடா" என்றார் பாலகிருஷ்ணன்.

கோகுலராஜ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொன்னான். எந்த பிளக்கை முதலில் கழற்றுவது, மீட்டரை எந்தத் துளையில் அழுத்திப் பிடிப்பது, எப்போது சாவியைத் திருப்புவது. ஒவ்வொரு சிலிண்டராக முள் ஏறியது. நான்கிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது.

"எல்லாம் ஒண்ணு போல நல்லாருக்கு மாமா."

காளியம்மா தினேஷ்வரனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "நல்லாருப்பே தம்பி. நீ இல்லேன்னா இன்னிக்கி என் வண்டி போயிருக்கும்."

"பரவால்லக்கா" என்றான் தினேஷ்வரன். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணே, பிளக்க எந்தப் பக்கம் திருப்பி மாட்டணும்?" என்று கேட்டான்.

"வலப்பக்கம்" என்றான் கோகுலராஜ்.