பெயிண்டுக்கு அடியில் இரண்டாவது ஜோடி

கம்பிகளை இழுத்து அறுத்துப் பார்க்கும் இழுவைப் பொறிக்கு நேர் எதிரே, அந்த அறையில் இருந்த ஒரே கைவைத்த நாற்காலியில் தொழிற்சாலை மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம் ஒரு முக்காலியில், பாதி உட்கார்ந்தும் பாதி உட்காராமலும், அதே தொழிற்சாலையின் சேப்டி இன்ஸ்பெக்டர். கதவோரப் பெஞ்சில், கம்பித் துண்டுகள் வந்த சாக்குப்பைக்குப் பக்கத்தில், செத்துப்போன வெல்டரின் மனைவி. ஜன்னலுக்குக் கீழே இருந்த மேஜையில், பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, சோதனைச்சாலையின் எழுத்தர். சோதகர் மட்டும் உட்காரவில்லை. பொறி ஓடும்போது உட்காருகிற பழக்கம் முப்பத்தோரு வருஷமாக அவருக்குக் கிடையாது.

சோதகருக்கு அங்கே வைத்திருந்த பெயர் தசமம். எந்த எண்ணையும் புள்ளி போட்டுத்தான் சொல்வார். மகள் கல்யாணத்துக்கு எத்தனை பேருக்கு இலை என்று சமையல்காரர் கேட்டபோது, 'நூற்றிருபது புள்ளி பூஜ்யம்' என்றாராம். 'நல்லவேளை, என்னை அந்த பூஜ்யத்துல சேர்த்துக்கிட்டார்' என்று மாப்பிள்ளை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான்.

அந்த மகள்தான் மேஜையில் இருந்த எழுத்தர். அந்த மாப்பிள்ளைதான் முக்காலியில் இருந்த இன்ஸ்பெக்டர். இது அறையில் நான்கு பேருக்குத் தெரியும். பெஞ்சில் இருந்தவளுக்குத் தெரியாது. அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர் ஒருவர், அவரும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன், தொழிற்சாலையின் பாய்லர் கூடத்தில், கூரையிலிருந்து நான்கு கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்த இரும்பு மேடையில் ஏறி வெல்டர் குழாய் பற்றவைத்துக்கொண்டிருந்தான். ஒரு கம்பி அறுந்தது. மேடை சரிந்தது. நாற்பது அடி. கீழே சிமெண்ட் தரை. கம்பி ஏன் அறுந்தது என்று சோதகர் எழுதப்போகிற கடிதத்தை வைத்துத்தான் நஷ்டஈட்டு அலுவலகம் தீர்ப்புச் சொல்லும். கம்பி நாள்பட நீண்டு நலிந்திருந்தால், அதைக் கவனிக்காத தொழிற்சாலை மேல் குற்றம். அன்றைக்கு ஒரே நாளில் அறுந்திருந்தால், அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய வெல்டர் மேல் குற்றம். பெண்டாட்டி பிள்ளைகள் தொழிற்சாலைக் குடியிருப்பை வெறுங்கையோடு காலி செய்ய வேண்டும்.

கம்பி நீண்டதா என்று பார்க்க ஒரு முறை உண்டு. புதுக் கம்பியில் ஐம்பது மில்லிமீட்டர் இடைவெளியில் ஊசி உளியால் இரண்டு புள்ளி குத்திவிடுவார்கள். மாதம் ஒருமுறை இன்ஸ்பெக்டர் அந்த இடைவெளியை அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். ஐம்பத்தொன்றைத் தாண்டினால் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். பதிவேட்டில் நான்கு வருஷமாக ஐம்பது, ஐம்பது, ஐம்பது என்றே இருந்தது.

தசமம் முதலில் ஸ்டோரில் மிச்சமிருந்த அதே சரக்குக் கம்பியில் ஒரு துண்டைப் பொறியின் தாடைகளில் மாட்டினார். பொறி முனகியது. முள் மெல்ல ஏறியது. ஓரிடத்தில் வந்து தயங்கி நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, நடுங்கியது.

"நின்னுடுச்சே," என்றார் மேனேஜர்.

"நிக்கலை சார். இதுவரைக்கும் இழுப்பை விட்டிருந்தா பழையபடி சுருங்கியிருக்கும். இனிமே சுருங்காது. இப்பத்தான் நீள ஆரம்பிக்குது."

முள் மறுபடி ஏறியது. கம்பி பளபளப்பு மங்கி, முழு நீளத்துக்கும் ஒரே சீராக இளைத்தது. முள் உச்சியில் வந்து நின்றதும் தசமம் பொறியை நிறுத்தி, அளவெடுக்க வெர்னியர் அளவுகோலை வைத்தார். அந்த அறையில் ஒரு வழக்கம்: சோதகர் அளவை உரக்கச் சொல்ல வேண்டும், எழுத்தர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும்.

"ஐம்பத்தேழு புள்ளி ஒன்பது."

"ஐம்பத்தேழு புள்ளி ஒன்பது," என்றாள் மகள்.

மறுபடி பொறி ஓடியதும் கம்பியின் நடுவில் ஒரு இடம் மட்டும் கழுத்துப் பிடித்ததுபோல் ஒடுங்கியது. முள் பின்வாங்கியது. டமார் என்று அறுந்தபோது மேனேஜர் நாற்காலியோடு பின்னால் போனார். வெல்டரின் மனைவி மட்டும் அசையவில்லை. அறுந்த இரண்டு முனைகளில் ஒன்று கிண்ணம்போலக் குழிந்தும் மற்றது கூம்புபோலக் குவிந்தும் இருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுவே இவ்வளவு நேரம் தாங்குதே," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

அடுத்து, மேடையிலிருந்து அறுந்து வந்த கம்பி. அதன் முனையும் அதே கிண்ணம், அதே கூம்பு. கழுத்துக்கு ஒரு சாண் மேலே, பச்சைப் பெயிண்டின்மேல் இரண்டு புள்ளிகள் தெரிந்தன.

"ஐம்பத்தொன்று புள்ளி மூன்று."

"ஐம்பத்தொன்று புள்ளி மூன்று."

"அவ்வளவுதானே? அது அறுந்த அன்னைக்கு நீண்டது." மேனேஜர் எழுந்திருக்கப் போனார்.

தசமம் கம்பியைக் கீழே வைக்கவில்லை. "இந்தச் சரக்கு எட்டு வரைக்கும் நீண்டுட்டுத்தான் கழுத்து ஒடுங்கும். நீங்களே பார்த்தீங்க. இது ஒண்ணேகால்தான் நீண்டிருக்கு. மிச்ச நீட்டம் எங்க போச்சு?"

"அந்த ஆளு குழாய்க் கட்டைத் தொப்புன்னு மேடையில போட்டிருப்பான்," என்றார் மேனேஜர். "ஒரு உதறு உதறியிருக்கும். படக்குனு போயிருக்கும். வேலைக்கு வரும்போது நிதானத்துல வந்தானோ என்னவோ."

"எங்க வீட்டுக்காரர் மோர் குடிச்சாலே தூங்கிடுவார் சார்," என்றாள் பெஞ்சிலிருந்தவள்.

தசமம் சுரண்டியை எடுத்தார். பச்சைப் பெயிண்ட் உரிந்தது. அடியில் சாம்பல் நிறப் பூச்சு. அதில், மேலே இருந்த புள்ளிகளிலிருந்து விரல்கடை தள்ளி, இன்னொரு ஜோடி. சாம்பலையும் சுரண்டினார். சிவப்பு. அதில் மூன்றாவதாக ஒரு ஜோடி. வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது.

"இரண்டாவது ஜோடி. ஐம்பத்து நான்கு புள்ளி இரண்டு."

திருப்பிச் சொல்லும் குரல் வரவில்லை.

அவர் திரும்பினார். மகள் பேனாவை மூடிவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. முக்காலியில் இருந்தவன் தன் செருப்பையே பார்த்தான்.

"ஜோடி ஒண்ணுதான் சார்," என்றாள் மகள். வேலை நேரத்தில் அப்பாவை அவள் சார் என்றுதான் கூப்பிடுவாள். "பதிவேட்டுல ஒண்ணுதான் இருக்கு. அது துருக்குழியா இருக்கும்."

"ஐயா இன்னொண்ணு சொன்னாரேம்மா," என்றாள் வெல்டரின் மனைவி. "ஐம்பத்து நாலுன்னாரு. என் காதால கேட்டேன்."

மேனேஜர் வயதானவர், ஒரு மௌனம் எதற்காக என்று கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு விநாடி போதும். மேஜையைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார். பிறகு குரலில் தேனைத் தடவிக்கொண்டு கேட்டார்: "நீங்களே சொல்லுங்க சார். முப்பது வருஷ அனுபவம். அது உளி குத்தினதா, துரு அரிச்சதா?"

தசமம் கம்பியைப் பார்த்தார். குழிகளின் விளிம்பு வட்டம்போட்டதுபோல் சுத்தமாக இருந்தது. துரு அப்படி அரிக்காது.

"துரு," என்றார்.

"துரு ஜோடி ஜோடியாவா ஐயா வரும்?"

"ஆமாம்மா," என்று சிரித்தார் மேனேஜர், "புருஷன் பொண்டாட்டி மாதிரி. ஒண்ணு போனா இன்னொண்ணு நின்னு வம்பு பண்ணும்."

இன்ஸ்பெக்டர் முதலில் சிரித்தான். முக்காலியில் இப்போது முழுதாக உட்கார்ந்திருந்தான். "இந்த வாரக் கடைசிக்குள்ள சாவியைக் குடுத்துடும்மா. அடுத்த வெல்டர் குடும்பத்தோட வந்து நிக்கிறான்."

அவள் எழுந்தாள். கதவருகே நின்று சோதகரை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். "வர்றேன் ஐயா," என்று விருந்துக்கு வந்தவள்போலச் சொல்லிவிட்டுப் போனாள்.

மேனேஜரின் கார் புறப்பட்டதும் மாப்பிள்ளை மறுபடி உள்ளே வந்தபோது, தசமம் மூன்றாவது ஜோடியில் வெர்னியரை வைத்திருந்தார். வெளியே சார், உள்ளே மாமா.

"காப்பாத்திட்டீங்க மாமா. தெய்வம் மாதிரி."

"மூணு ஜோடி எப்படி மாப்பிள்ளை வந்துச்சு?"

"பெயிண்ட் அடிச்சா பழைய புள்ளி மூடிக்குது. புதுசாத்தான் குத்தியாகணும். நான் என்ன செய்ய?"

"பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி பழசை அளந்தீங்களா?"

"அளந்தேன்."

"எவ்வளவு?"

"மூணு கூட இருந்துச்சு."

"ரெண்டாவது தடவை?"

"அப்பவும் மூணுகிட்ட."

"அளந்துட்டு?"

"அளந்துட்டுத்தான் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன்." அதைச் சொல்லும்போது அவன் குரலில் கூச்சம் ஏதும் இல்லை, மழை வந்தது, குடை பிடித்தேன் என்பதுபோலச் சொன்னான். "நீண்டிருக்குன்னு எழுதினா மேடையை இறக்கணும். ஒரு மாசம் கூடம் நிக்கும். அப்புறம் மேனேஜர் கம்பிக்குப் பதிலா என்னைத்தான் தொங்கவிடுவாரு. அந்த ஆளு ஏறும்போதே கேட்டான் மாமா, 'சார், மேடை ஒரு பக்கம் தாழ்ந்தாப்ல இருக்கே'ன்னு. 'தாழ்ந்தது மேடை இல்லப்பா, உன் தொப்பை'ன்னேன். எல்லாரும் ஒரே சிரிப்பு. அவனும் சிரிச்சான்."

"சிரிச்சுட்டு ஏறினானா?"

"பின்னே? ஏறத்தானே சம்பளம்."

மகள் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் இப்ப எதுக்குப்பா கிளர்றீங்க? இவர் எங்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டார். ராத்திரி பூரா ரெண்டு பேரும் தூங்கலை."

"எந்த அன்னைக்கு?"

"ரெண்டாவது தடவை பெயிண்ட் அடிச்ச அன்னைக்கு."

விபத்து நடந்த அன்றைக்கு என்றுதான் அவர் நினைத்திருந்தார். இரண்டாவது பெயிண்ட் போன வருஷம் அடித்தது. ஒரு வருஷமாகத் தெரிந்துகொண்டே, தினமும் எதிர் மேஜையில் உட்கார்ந்து, தான் சொல்லும் ஒவ்வொரு எண்ணையும் புள்ளி பிசகாமல் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். மாப்பிள்ளை விடைபெற்று, வாசலில் விசில் அடித்தபடி ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

சாட்சிக் கடிதத்தைச் சோதகர் தன் கைப்பட எழுத வேண்டும் என்பது விதி. தசமம் மேஜையை ஒழித்தார். தாளின் இடப்பக்கம் இரண்டு விரல் விட்டு மடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தபடி முதலில் தேதி, பிறகு பெறுநர், பிறகு பொருள். அதன் பிறகு எண் போட்டு எழுதினார்.

'ஒன்று. அறுந்த கம்பியில் ஊசி உளியால் குத்திய புள்ளிகள் மூன்று ஜோடி உள்ளன. அளவுகள் முறையே ஐம்பத்தொன்று புள்ளி மூன்று, ஐம்பத்து நான்கு புள்ளி இரண்டு, ஐம்பத்தேழு புள்ளி நான்கு. பதினாறாக இருந்த விட்டம், பெயிண்டைச் சுரண்டிய பின் பதினான்கு புள்ளி ஒன்பது. கம்பி ஒரே நாளில் நீளவில்லை.

இரண்டு. புள்ளிகளை மறுபடி குத்தியவர் தொழிற்சாலையின் சேப்டி இன்ஸ்பெக்டர். கம்பி நீண்டிருப்பதை இருமுறை அளந்து அறிந்த பின்னரே பெயிண்ட் அடிக்கச் செய்தார். இதை என்னிடம் இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு நேரில் ஒப்புக்கொண்டார். அவர் என் மருமகன்.

மூன்று. இரண்டாவது ஜோடியைத் துரு என்று நான் எல்லோர் முன்னிலையிலும் சொன்னது பொய்.

நான்கு. எழுத்தர் அந்த அளவைத் தெரிந்தே எழுதவில்லை. கம்பி நீண்டிருப்பது அவருக்கு ஒரு வருஷமாகத் தெரியும். அவர் என் மகள். இந்த உறவுகளைச் சோதனைக்கு முன்பே நான் தெரிவித்திருக்க வேண்டும்.

ஐந்து. இறந்தவர் அளவுக்கு மேல் பாரம் ஏற்றியதற்கு எந்த அடையாளமும் கம்பியில் இல்லை.'

நான்காவதை எழுதும்போது மட்டும் கை ஒருமுறை நின்றது. அதை விட்டுவிட்டாலும் வெல்டரின் மனைவிக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிடும். அது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. நிறுத்திய இடத்திலிருந்து எழுதி முடித்து, கையொப்பமிட்டு, மூன்றாக மடித்து உறைக்குள் போட்டார்.

மகள் கோந்து பாட்டிலோடு வந்தாள். அலுவலகக் கடிதங்களை ஒட்டி அனுப்புவது அவள் வேலை.

"முடிச்சாச்சாப்பா?"

"முடிச்சாச்சு."

"நம்ம அறையில சொன்ன மாதிரித்தானே?"

"எழுத வேண்டியதை எழுதியிருக்கேன்."

அவள் மேலே கேட்கவில்லை. அப்பா சிடுசிடுப்பாக இருக்கும்போது தோண்டக்கூடாது என்று சின்ன வயதிலேயே கற்றிருந்தாள். உறையின் மடிப்பில் கோந்தைத் தடவிக்கொண்டே, "சாயங்காலம் வீட்டுக்கு வாங்கப்பா. உங்க பேத்தி புதுசா ஒரு படம் வரைஞ்சு வெச்சிருக்கா. தாத்தாவுக்கு மீசை பெரிசாயிடுச்சுன்னு அவளுக்கே சிரிப்பு," என்றாள்.

"பார்க்கலாம்."

"பார்க்கலாம் இல்லை, வாங்க. இவர் உங்களுக்குப் பிடிச்ச மீன் வாங்கிட்டு வர்றேன்னு போயிருக்கார்."

கட்டை விரலால் மடிப்பை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழுத்தினாள். ஓரத்தில் சற்றுத் தூக்கிக்கொண்டிருந்த இடத்தை மறுபடி அழுத்தினாள். அலுவலக முத்திரையை ஊதி ஈரப்படுத்தி மடிப்பின்மேல் குத்தினாள். தபால் கொண்டுபோகிறவர் பையோடு வாசலில் வந்து நின்றார்.

"சாதாவா, பதிவுத் தபாலா?" என்றார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் பொறியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பதிவுலயே போகட்டும் அண்ணே. முக்கியமான கடிதம். வழியில எங்கயாவது தொலைஞ்சுடப் போகுது."

தபால்காரர் உறையை வாங்கிப் பையில் போட்டு, பக்கிளை மாட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி கேட்டைத் தாண்டினார்.