கேமராவுக்குப் பிடிக்காத இமைகள்

என் அப்பா சுப்பன் ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். வண்டி ஓட்டும்போது அவர் ஒருநாளும் தூங்கியதில்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்குத் தூங்குகிற மாதிரிதான் இருக்கும். ஐம்பது வயதைத் தாண்டியதும் மேல் இமைத் தோல் தொங்கி, பாதி இறக்கிய கடை ஷட்டர் போல ஆகிவிட்டது.

எல்லா பஸ்ஸிலும் டிரைவர் முகத்துக்கு நேரே கேமரா வைக்கும்வரை அது யாருக்கும் தொந்தரவாக இல்லை. டிரைவர் கண்ணை மூடினால் கேமராவிலிருந்து ஒரு பெண் குரல் கத்தும். அப்பா வண்டியை எடுத்ததுமே கத்தியது.

“ஓட்டுநர் தூங்குகிறார்! ஓட்டுநர் தூங்குகிறார்!”

பஸ்ஸில் இருந்த பெண்கள் அலறிவிட்டார்களாம். சங்கரன்கோவிலிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் தங்கமாரி, கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அண்ணாச்சி, எங்கள உசுரோட எறக்கி விட்ருவியளா?”

“நான் முழிச்சினுதாம்மா கீறேன்.”

“ஓட்டுநர் தூங்குகிறார்,” என்றது குரல்.

டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் இனியவன் அப்பாவைக் கூப்பிட்டார். “சுப்பண்ணே, நீ தூங்கலன்னு எனக்குத் தெரியும். ஆனா ரிப்போர்ட் மேல போவுது. இது இப்டியே கத்தினு இருந்தா பஸ்ஸ வேற ஆளுக்குக் குடுத்துட்டு உன்ன டயர் செக்‌ஷன்ல போடச் சொல்லிட்டாங்க.”

அப்பா லீவு நாளில்கூடப் போய் அந்த பஸ்ஸின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வருகிறவர். அன்று சாப்பிடவில்லை. மறுநாள் இமை ஆபரேஷனைப் பற்றி விசாரித்தார். இன்சூரன்ஸில், இது அழகுக்காகச் செய்வது, பணம் வராது என்றார்கள். அன்றிலிருந்து அம்மா அவரை ‘அழகு’ என்றே கூப்பிட ஆரம்பித்தாள்.

“அழகு, சோறு போடட்டா?”

கைக்காசிலேயே செய்துகொள்வதென்று போனபோது டாக்டர் சுகப்பிரியா பொறுமையாக விளக்கினார். “மரத்துப்போக ஊசி போட்டு, தொங்குற தோலை மட்டும் எடுப்போம். வீங்கும், கன்னிப்போகும். ஒரு வாரத்துல தையல் பிரிப்போம். நான் சொல்றவரைக்கும் வண்டி ஓட்டக்கூடாது. வெளிச்சம் கூசும். கொஞ்ச நாள் தூங்கும்போது கண்ணு முழுசா மூடாது.”

அம்மா குறுக்கே புகுந்தாள். “மூடலன்னா இவுரு தூங்கறாரான்னு எனக்கு எப்டித் தெரியும்?”

“குறட்டை விடுவாரா?”

“வுடுவாரு.”

“அப்ப தெரிஞ்சிடும்.”

எல்லாம் டாக்டர் சொன்னபடியே நடந்தது. எங்கள் ஊர் பென்னலூருக்குத் திரும்பியபோது அப்பாவின் கண்கள் நாவல்பழம் போல இருந்தன. பக்கத்து வீட்டு உலகம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னா கிளி, நீயா அட்ச்ச?”

“நா அட்ச்சா இம்மாந்தான் வீங்குமா?” என்றாள் அம்மா. ஆனால் ஐஸ் ஒத்தடம் கொடுத்தது, தலைக்கு உயரமாகத் தலையணை வைத்தது, வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டது எல்லாம் அவள்தான். மத்தியானத் தூக்கத்தில் அப்பாவின் இமைகளுக்கு நடுவே வெள்ளையாகத் தெரியும். நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

வீக்கம் வடிந்தது. டாக்டர் வண்டி ஓட்டலாம் என்றார். அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனார். சற்று நேரத்தில் போன் வந்தது.

“கிளி, கேட்டாண்ட மிஷின் என்ன உள்ள வுட மாட்டேங்குது!”

கம்பெனி கேட்டில் இருக்கும் மெஷினிடம் முகத்தைக் காட்டித்தான் வருகை பதிய வேண்டும். பதியாதவருக்கு பஸ் சாவி கிடையாது. மெஷினுக்குத் தெரிந்தது பழைய அப்பாவைத்தான்.

நானும் அம்மாவும் ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினோம். எல்லோரும் பார்த்ததில் வெட்கப்பட்டு நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். செக்யூரிட்டி பகலவன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

“புது மூஞ்சிய பதியணும்னா மொதல்ல பழைய மூஞ்சிய காட்டணும்னு கேக்குது அண்ணி. இனியவன் சாரு வேற டிரைவரக் கூப்பிட்டுட்டாரு. அந்தாளு வர்றதுக்குள்ள எதுனா பண்ணுங்க.”

அப்பா கண்ணைச் சொருகிப் பார்த்தார். மெஷின் சிவப்பு காட்டியது. புருவத்தை இறக்கிப் பார்த்தார். சிவப்பு.

“வெட்டிப் போட்டத எங்க போய்த் தேடுவேன்?” என்று இமையைத் தடவிப் பார்த்தார்.

அம்மா பையிலிருந்து, ஆபரேஷனுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த தோல் நிறப் பிளாஸ்திரியை எடுத்தாள். பல்லால் கடித்துக் கிழித்து, புருவத்துக்குக் கீழே மடிப்பு தொங்குகிற மாதிரி ஒட்டினாள். தள்ளி நின்று பார்த்தாள். “வலது இன்னும் கொஞ்சம் எறங்கியிருக்கும்.” மறுபடி ஒட்டினாள். “இத்தினி வருசம் பாத்த மூஞ்சி, எனக்குத் தெரியாதா?”

அப்பா மெஷின் முன்னால் நின்றார். பச்சை விளக்கு எரிந்தது. பகலவன் கை தட்டினார்.

பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டுப் புது முகம் பதிந்தார்கள். அன்று கேமராப் பெண் வாயே திறக்கவில்லையாம். வேலை முடிந்து வந்த அப்பா பெருமையாகச் சொன்னார்.

“தங்கமாரி எறங்க வேண்டிய எடத்துல எறங்காம தூங்கிட்டா. அந்தக் கேமரா அக்கா கத்தாததுல முழிப்பே வரலியாம்.”

ஒரு குறை மட்டும் இருந்தது. புது முகம் பதியும்போது மெஷின் வெளிச்சம் கூசி, அப்பா கண்ணைச் சுருக்கி, பல்லை இளித்துவிட்டார். அப்படியே பதிந்துபோனது. மெஷினிடம் மறுபடி மல்லுக்கட்ட யாருக்கும் தெம்பில்லை.

இப்போது தினமும் அவர் கிளம்பும்போது அம்மா வாசல்வரை வருகிறாள்.

“அழகு, டிபன் பாக்ஸ் எட்த்துக்கினியா?”

“ஆச்சு.”

“எங்க, இளிச்சுக் காட்டு.”

அப்பா காட்டுகிறார். அம்மா சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறாள்.