நர்ஸிடம் மட்டும் சொன்னது

முதுகுவலிக்கென்று தொடங்கிய மாத்திரை, நான்கே வருடத்தில் அந்த லாரி டிரைவரை அடிமையாக்கிவிட்டது. இப்போது அதை விடுவதற்கு, மனைவி அவரைத் தினமும் காலையில் சிகிச்சை மையத்துக்கு அழைத்து வருகிறாள். நர்ஸ் தரும் மருந்தை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, கரையும்வரை சமர்த்தாக உட்கார்ந்திருப்பார். பிறகு நர்ஸிடம் மனம்விட்டுப் பேசுவார். தன்னிடம் வாய் கூசாமல் பொய் சொன்ன மனுஷன் அங்கே அப்படிப் பேசுவதைப் பார்த்து மனைவிக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேவிட்டாள். "அந்தம்மாகிட்ட மட்டும் என்ன அவ்வளவு பேச்சு?"

"அவங்கள நான் ஏமாத்தினதில்ல. உன் மூஞ்சியப் பாத்தா வாயே வரமாட்டேங்குது."

அவளுக்கு எரிச்சல் அடங்கவில்லை. ஆனாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் பாக்கல. இப்ப சொல்லுங்க."

அவர் மெல்லச் சொல்லத் தொடங்கினார்.