வீட்டு அளவுக் குழாய்

கோடை வறட்சியில் பதினோரு நாளாகக் குழாயில் நாற்பது நிமிடம்தான் தண்ணீர். அக்காவும் மாமாவும் நடத்தும் சலவைக்கூடத்துக்கு அது எந்த மூலைக்கு? சனிக்கிழமைக்குள் முந்நூறு விரிப்புகளைத் துவைத்துத் தராவிட்டால் ஆஸ்பத்திரி வேலை கைவிட்டுப் போகும். ஆறு பெண்களுக்கு வேலை போய்விடும்.

மாமா என்னையும் நகராட்சிக்குக் கூட்டிப்போனார். படித்தவள் பக்கத்தில் இருந்தால் மதிப்பார்களாம். வரி கட்டுகிறவனுக்குத் தண்ணீர் இல்லையா என்று வழியெல்லாம் பொருமினார்.

பொறியாளர் வரைபடத்தை விரித்தார். பக்கத்துத் தெருவில் தடித்த கோடு, எங்கள் தெருவில் மெல்லியது. வரிப் பதிவேட்டைப் பார்த்துத்தான் குழாயின் அளவை முடிவு செய்தார்களாம்.

"உங்க தெருவுல தொழிற்கூடமே இல்லையே. பூரா வீடு."

"அப்ப நான் தொவைக்கிறது யார் வீட்டுத் துணி?"

"பதிவுப்படி உங்க வீட்டுத் துணிதான். பெரிய குடும்பம் போல."

மாமா சிரிக்கவில்லை. தொழில் என்றுதான் சொல்லி அனுப்பினேன், படிவத்தை நிரப்பிய குமாஸ்தா தப்பாக எழுதியிருப்பார் என்றார். அவர் அதை நம்பினார்.

அலுவலகத்தின் தப்பென்றால் இன்றே திருத்தி லாரித் தண்ணீர் அனுப்பலாம், கட்டட உரிமையாளரான மாமாவின் தப்பென்றால் விசாரணை, மூன்று மாதம் என்றார் பொறியாளர்.

எனக்குத் தலை சுற்றியது. விட்டம் பாதியானால் குழாயின் குறுக்குப் பரப்பு கால்பங்காகும், அது புரிகிறது. மற்றதுதான் புரியவில்லை. வீடு என்று பதிவானதால் வரி குறைந்தது, அதில் மிஞ்சியதில்தான் இரண்டாவது இயந்திரம் வந்தது. அது வந்ததால்தான் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. வேலை பெருகியதால்தான் தண்ணீர் போதவில்லை. முழு வரி கட்டியிருந்தால் பெரிய குழாய் இருந்திருக்கும், இயந்திரம் இருந்திருக்குமா? எதிரே இருக்கும் மரப்பட்டறையும் பதிவில் வீடுதான். நாங்கள் மட்டும் ஒழுங்காகக் கட்டியிருந்தால் பெரிய குழாய் வந்திருக்குமா? எங்கே தொடங்கினாலும் சுற்றி அங்கேயே வந்து நின்றேன்.

குமாஸ்தாவை வரவழைத்தார்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய வரிப் படிவத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். ஒரு நாளைக்கு நூறு படிவம் எழுதுகிறேன், என் கைத்தப்பாகவே இருக்கலாம் என்றார். மாமாவின் முகம் தெளிந்தது. பொறியாளர் குமாஸ்தாவிடம் விளக்கம் எழுதித் தரச் சொல்லி ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். குமாஸ்தா சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

"அது அவர் எழுதினதில்ல சார்."

மாமா என் பக்கம் திரும்பினார்.

"மாமா தொழில்னுதான் எழுதச் சொன்னாரு. வரி கொறையட்டும்னு நான்தான் படிவத்துல வீடுன்னு எழுதிக் கொடுத்தேன். அவருக்குத் தெரியாது."