மூன்று கால் வளர்ச்சி

எங்கள் நாட்டில் ஒவ்வொரு அரசு அலுவலகமும் ஆண்டுக்கொரு ஓவியம் வாங்கியாக வேண்டும். சட்டம் அப்படி. சட்டம் கேட்ட அளவுக்கு, அதாவது கதவு உயரத்துக்கு, நாட்டிலேயே ஒரே ஓவியம்தான் இருந்தது. என் மச்சான், மனைவியின் தம்பி, வரைந்த மாடு. அஞ்சல் துறை அதைச் சுங்கத்துக்கு விற்றது. சுங்கம் ரயில்வேக்கு, ரயில்வே எங்களுக்கு. கைமாறும்போதெல்லாம் விலை ஏறியது. புள்ளிவிவரத் துறையில் உட்கார்ந்துகொண்டு அவ்வளவையும் நாட்டின் வளர்ச்சியில் சேர்த்தவன் நான். மற்ற நாடுகளுக்குத் தாமிரம், மீன். எங்களுக்கு இந்த மாடு.

அந்த ஆண்டு வேறு எதுவுமே வளரவில்லை. துறைமுகம் மாட்டை வாங்கினால் வளர்ச்சி பூஜ்ஜியத்துக்கு மேலே நிற்கும். வாங்காவிட்டால் என் வேலை நிலைக்காது. துறைமுக அதிகாரி வருவதாகச் சொன்ன காலையில் மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, தம்பி பிரஷ்ஷும் டப்பாவுமா கெளம்பி அங்கதான் வர்றான். திட்டிடாதீங்க."

சொல்லி முடிப்பதற்குள் மச்சான் என் அறைக்குள் நின்றான்.

"மாமா, அதுக்கு மூணு காலுதான் இருக்கு."

சுவரில் இருந்த மாட்டைத் திரும்பிப் பார்த்தேன். வெகுநேரம் பார்த்தேன். மூன்றுதான். ஓர் ஆண்டாக அதன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த முகத்தில் இருந்தது வாழ்வின் துயரம் என்று நினைத்து நானும் கூடவே துயரப்பட்டிருக்கிறேன்.

"ஏன்டா மூணு?"

"நாலாவது போடப் போனப்ப அக்கா சாப்பிடக் கூப்பிட்டுச்சு. கை கழுவிட்டு வந்தா, அஞ்சல்காரங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"வாங்குன ஒருத்தனும் கேக்கலியே. உனக்கென்ன வந்துச்சு?"

"கண்ண மூடுனா நொண்டிக்கிட்டே வருது மாமா."

"இன்னைக்கு ஒரு நாள் நொண்டட்டும். வித்துட்டுப் பேசிக்கலாம்."

"துறைமுகத்துல என்னை யாரு உள்ள விடுவா? இங்கன்னா நீங்க இருக்கீங்க."

மாட்டை மறைத்துக் கைகளை விரித்து நின்றேன். அவன் என் கக்கத்துக்குக் கீழே நுழைந்துவிட்டான். கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டைதான் வந்தது, அவன் வரவில்லை. இந்தக் கோலத்தில் நாங்கள் இருக்கும்போதுதான் எங்கள் இயக்குநரம்மா துறைமுக அதிகாரியுடன் உள்ளே வந்தார்.

நாலாவது கால் ஈரமாக மின்னியது.

அதிகாரி அருகே போய்க் குனிந்து பார்த்தார்.

"போன வாரம் நான் பாத்த மாடு இது இல்லையே," என்றார் அதிகாரி. "அதுக்கு மூணு கால்."

"பாத்தீங்களா? சொல்லியிருக்கலாமே சார்," என்றேன்.

"அடுத்தவங்க மாடு, நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன். ஆனா விலை பேசுனது அதுக்குத்தான். இது எனக்கு வேணாம்."

என் வேலை வாசல் வரை போய்விட்டது. இயக்குநரம்மா கண்களை மூடி, விரல் மடக்கி ஏதோ முணுமுணுத்தார்.

"மூணா இருந்தது நாலாயிருக்கு," என்றார். "முப்பத்து மூணு சதவீத வளர்ச்சி! விலையும் அதே மாதிரி ஏறும் சார்."

"ஏறுமா?" அதிகாரியின் முகம் மலர்ந்தது. "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? ஒதுக்குன பணத்த எப்படித் தீக்கறதுன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன்."

நின்றபடியே கையெழுத்துப் போட்டார். அந்தக் கால் தரையில் ஊன்றியதைப் பார்த்து மச்சான் நிம்மதியாக மூச்சு விட்டான். நானும் விட்டேன், வேறு காரணத்துக்காக.

"தம்பி," இயக்குநரம்மாவின் குரலில் தேன் ஒழுகியது. "அடுத்த வருஷத்துக்கு அஞ்சாவது கால் ஒண்ணு?"

மச்சான் மாட்டின் கால்களை ஒருமுறை எண்ணினான்.

"மாட்டுக்கு நாலுதான் மேடம்."

முதல்முறையாக அவனை நினைத்துப் பெருமைப்பட்டேன். அவன் பிரஷ்ஷை என் சட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"வேணும்னா பக்கத்துல ஒரு கன்னுக்குட்டி நிக்கலாம்."

இயக்குநரம்மா ஓவியத்தை நெருங்கி, மாட்டுக்குப் பின்னால் அடிவானம்வரை விரிந்து கிடந்த வெட்டவெளியை ஆசையாகப் பார்த்தார்.

"புல்லு நெறைய கெடக்கே," என்றார். "எத்தனை நிக்கும்?"