கணக்கெடுப்புக்கு வருகிறவர்களிடம்

பள்ளிக்கல்வித் துறையின் மானியக் கோரிக்கை சட்டசபைக்கு வருகிற அன்று பியூலா வீட்டில் குழம்பு கிடையாது. ரசமும் அவித்த முட்டையும்தான். அவள் கணவன் எட்வின் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசர். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்ததுமே சபையில் இன்றைக்கு எந்தத் துறை என்று சொல்லிவிடுவான். "எங்க வீட்டு எம்.எல்.ஏ. சென்னைக்குப் போயிட்டா" என்று கூட வேலை பார்ப்பவர்களுக்கு முட்டையைப் பங்கு வைப்பான். பியூலாவோ அடுக்களை மேடையில் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, அந்தத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருப்பாள். அரசாங்கத்தில் சம்பளம் வாங்குகிறவர்களே முழுசாகப் படிக்காத புத்தகம் அது. அவள் ஏழு வருஷமாகப் படிக்கிறாள்.

எல்லாம் மகள் ஷைனிக்காக ஆரம்பித்ததுதான். ஷைனிக்குப் பேச்சு திக்கும். ஐந்து வயதில், பெயரைத் திக்காமல் சொல்கிற வரைக்கும் உட்காரக் கூடாது என்று ஒரு டீச்சர் அவளை முதல் பீரியடிலிருந்து சாப்பாட்டு மணி வரை நிறுத்தி வைத்தாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிள்ளை மூன்று மாதம் யாரிடமும் பேசவில்லை. பியூலா பி.எஸ்ஸி. படித்தவள். நானே சொல்லிக் கொடுத்துக்கொள்கிறேன் என்று பள்ளிக்கூடத்தை விட்டுக் கூட்டி வந்துவிட்டாள். கூட்டி வந்த பிறகுதான் பயம் பிடித்தது. பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிப்பது சரியா, தப்பா, தண்டனை உண்டா என்று யாரைக் கேட்டாலும் தலையைச் சொறிந்தார்கள். சரி, சட்டத்தையே கேட்டுவிடுவோம் என்று படிக்க உட்கார்ந்தாள். அரசாணை, வரைவு, திருத்தம், சுற்றறிக்கை என்று ஒன்று விடாமல் படித்து, இதேபோல் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிற அறுபது குடும்பங்கள் சேர்ந்த வாட்ஸப் குழுவில் நாலு வரித் தமிழில் எழுதிப் போடுவாள். 'இதனால் நமக்குப் பாதிப்பில்லை. நிம்மதியாகத் தூங்கவும்' என்று அவள் போட்டால் தென்காசியிலும் தேனியிலும் அறுபது வீட்டில் விளக்கை அணைப்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தாள். ஆனால் மனசு படிப்பில் இல்லை. காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காளீஸ்வரி பேசியிருந்தாள்.

"அக்கா, இவளுக்கு முட்டி நீளவே மாட்டேங்கு. மதுரை பெரியாஸ்பத்திரில காட்டுனோம். நரம்ப வெட்டி விடணும்ங்காவ. வெட்டுனாலும் நிப்பாளான்னு இப்பச் சொல்ல முடியாதுன்னுட்டாவ."

இவள் என்றது காளீஸ்வரியின் மகள் கார்த்திகாவை. பதினோரு வயது. பிறந்தபோதே மூளைக்குக் காற்றுப் போகாமல் கால் இரண்டும் விறைத்துப்போன பிள்ளை. புத்தியில் ஒரு குறையும் கிடையாது. ஷைனிக்குக் கணக்கில் சந்தேகம் வந்தால் அவளுக்குத்தான் போன் போடுவாள். கார்த்திகாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். கக்கூஸுக்குத் தூக்கிப் போக ஆளில்லாமல் பாவாடையிலேயே போய்விட, மற்ற பிள்ளைகள் சிரிக்க, பத்தாவது வரை படித்த காளீஸ்வரி அவளைத் தூக்கி வந்து வீட்டிலேயே எழுத வைத்தாள். ஆஸ்பத்திரி வரிசையில் பழக்கமாகி, பியூலாதான் அவளைக் குழுவில் சேர்த்துவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை கார்த்திகா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்போது எடுத்த போட்டோவைக் காளீஸ்வரி அனுப்பியிருந்தாள்.

பியூலா எப்போதும் அந்தக் குறிப்புகளில் ஆபத்தைத்தான் தேடுவாள். அபராதம், நோட்டீஸ், கட்டாயம் என்கிற சொற்கள் கண்ணில் பட்டால் நிற்பாள். மற்றதெல்லாம் தள்ளிக்கொண்டே போவாள். அன்றைக்கு முதன்முதலாக, இந்தப் பிள்ளைக்கு ஏதாவது உதவி இருக்கிறதா என்று தேடினாள். இருந்தது. பள்ளிக்கு வர இயலாத மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் வீட்டுக்கே சிறப்பு ஆசிரியரும் பிசியோதெரபிஸ்டும் போய்ப் பயிற்சி கொடுப்பார்கள் என்று ஒரு பத்தி. போன வருஷத்துக் குறிப்பை எடுத்துப் பார்த்தாள். அதிலும் இருந்தது. அதற்கு முந்தின வருஷத்திலும் இருந்தது. ஏழு வருஷமும் அந்தப் பத்தியை அவள் கட்டைவிரலால் தள்ளிவிட்டுக் கடந்திருக்கிறாள். ஆனாலும் இப்போதாவது கண்டோமே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள்.

சிறப்பு ஆசிரியர்கள் உட்காருகிற வட்டார வள மையத்தில் மின்விசிறிதான் முதலில் வரவேற்றது, கடகடவென்று. மேஜைக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு அம்மா, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைத்தாய் டீச்சர். பியூலா போனில் இருந்த கார்த்திகாவின் மாற்றுத்திறனாளிச் சான்றிதழைக் காட்டி விலாசத்தைச் சொன்னாள்.

"மடவார்வளாகம் தாண்டி, அந்தத் தண்ணித் தொட்டித் தெருவா?" டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தத் தெருவுக்கு நான் செவ்வாக்கிழம செவ்வாக்கிழம போறேனேம்மா. சுந்தரபாண்டியன்னு ஒரு பையன். ரெண்டு வருசமா பிசியோ சாரும் நானும் போறோம். இப்ப வாக்கர் பிடிச்சுத் தெருமுக்கு வரைக்கும் நடக்கான்."

"கார்த்திகா அதுக்கு மூணு வீடு தள்ளி டீச்சர்."

டீச்சர் ஒரு பதிவேட்டை இழுத்துப் பக்கம் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. "இந்தா இருக்கே. அப்பா ராக்கப்பன், அம்மா காளீஸ்வரி. கணக்கெடுப்புல ரெண்டு தரம் நானே கேட்டிருக்கேன். பிள்ள வெளியூர்ல பாட்டி வீட்டுல இருந்து படிக்குதுன்னு சொல்லுச்சு அந்தப் பொண்ணு. கால் சரியில்லாத பிள்ளயாச்சே, அங்க உள்ளவங்களுக்கு எழுதிப் போடவான்னேன். வேணாம் வேணாம்னு கதவச் சாத்திருச்சு."

பதிவேட்டில் அந்தப் பெயருக்கு எதிரே எழுதியிருந்ததைப் பியூலா தலைகீழாகப் படித்தாள். 'வெளியூரில் உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கிறாள்.' யார் எழுதிய வாக்கியம் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வரைவு விதி வந்தது. பதினோரு பக்கம். ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளை பள்ளியில் இல்லாவிட்டால் பெற்றோருக்கு நோட்டீஸ் என்று அதில் ஒரு வரி. வரைவுதான், கருத்துக் கேட்கத்தான் போட்டிருக்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் ஷைனி மறுபடி வகுப்பில் அப்படி நிற்பது கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. அன்றைக்கே குழுவில் எழுதினாள்: 'கணக்கெடுப்புக்கு வருகிறவர்களிடம், பிள்ளை வெளியூரில் உறவினர் வீட்டில் தங்கிப் படிப்பதாகச் சொல்லவும். பிள்ளை அவர்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும். மறு அறிவிப்பு வரும் வரை.' அறுபது பேர் கை கூப்பினார்கள். அந்த வரைவு அதற்குப் பிறகு விதியாகவே இல்லை. வரும்போது கொட்டு முழக்கத்தோடு வருகிற சட்டம், போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. வருவதை மட்டுமே பார்த்துப் பழகிய பியூலா, போனதைக் கவனிக்கவில்லை. மறு அறிவிப்பைப் போடவே இல்லை. வசதியுள்ளவர்கள் நாலு மாதத்தில் அதை மறந்துவிட்டு வழக்கம்போல் இருந்தார்கள். எழுதியதை எழுதியபடியே இரண்டு வருஷம் காப்பாற்றியவள் காளீஸ்வரி ஒருத்திதான்.

"யாரோ வெவரங்கெட்டவ சொல்லிக் குடுத்திருக்கா" என்றார் டீச்சர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "போட்டும். இன்னைக்கே சேத்துருவோம். இந்த ரெண்டு பாரத்த முடிச்சிட்டு அரை மணி நேரத்துல வண்டிய எடுத்துட்டு வாரேன். நீங்க முன்னால போங்க."

பியூலா தலையாட்டினாள். அந்த விவரங்கெட்டவள் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. ஷேர் ஆட்டோவில் முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வேண்டுமானால் சொல்லாமலே விட்டுவிடலாம் என்றும் ஒரு யோசனை ஓடியது. புதிதாக ஒரு திட்டம் வந்திருக்கிறது என்று சொன்னால் முடிந்தது. காளீஸ்வரி அதையும் நம்புவாள். நம்புவாள் என்பதால்தான் அந்த யோசனையை விட்டாள்.

காளீஸ்வரி வாசலை ஒட்டி உட்கார்ந்து பேண்டேஜ் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எட்வின் கம்பெனியிலிருந்து வாங்கிக் கொடுத்த கைவேலை. பக்கத்தில் பாயில் கார்த்திகா குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். மடங்கிய கால்கள் மடங்கியபடியே ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தன.

"வாங்கக்கா. ஏட்டி, பெரியம்மாவுக்குத் தண்ணி... ஏ, நீ இரு, நானே எடுக்கேன்." எப்போதும் போல் மகளை ஏவிவிட்டு, எப்போதும் போல் தானே எழுந்தாள்.

தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பியூலா சொன்னாள். வரைவு, கணக்கெடுப்பு, வீட்டுக்கே வருகிற பயிற்சி, பதிவேட்டில் இருந்த வரி எல்லாவற்றையும் சொன்னாள். "அந்தச் சட்டம் வரவே இல்ல காளீஸ். நான் சொல்லியிருக்கணும். மறந்துட்டேன். உங்கிட்ட ஒளிச்சு வைக்கச் சொன்னது நானு. வெளிய விட்டிருந்தா அவிய அன்னைக்கே இவளையும் எழுதியிருப்பாவ" என்று முடித்தாள்.

காளீஸ்வரி அழவில்லை, ஏசவும் இல்லை. ஏசினால் நன்றாக இருந்திருக்கும். கையில் இருந்த சுருளைக் கடைசி வரை சுருட்டி முடித்து, மற்றதோடு அடுக்கினாள்.

"அவியள எனக்குத் தெரியும்க்கா" என்றாள். "அவிய வண்டி தெருமுக்குல திரும்பும்போதே தெரியும். இவளத் தூக்கிட்டுப் போயி உள்ரூம்புல விட்டுக் கதவச் சாத்திருவேன். பொறவு அடுப்படிச் சன்னல்ல நிப்பேன். அந்தப் பையன வாசல் முத்தத்துல பாயப் போட்டுக் கெடத்தி, பிசியோ சார் முட்டிய ஒரு கையால அமுக்கிக் குதிகாலத் தூக்குவாரு. பத்துத் தரம். நான் எண்ணிக்கிடுவேன். அவிய போனதும் வந்து இவளுக்கும் அதே மாரி செய்வேன்." சொல்லிவிட்டு மகளின் முட்டியில் கையை வைத்தாள். "அங்கன இருந்து பாக்கதுல என்ன தெரியும். எம்புட்டு அமுக்கணும்னு தெரியல. இவ வலிக்குன்னு கத்துனா, தெருவுக்குக் கேட்ருமேன்னு விட்ருவேன்."

பியூலாவுக்குத் தரையில் விழுந்து அவள் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. பிடிக்கவில்லை. டம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்தக் கதவச் சாத்தாமலே இருந்திருக்கலாம். அப்படித்தானக்கா?" என்று காளீஸ்வரி கேட்டாள். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள், குழுவில் சந்தேகம் கேட்பது போல.

"ஆமா" என்றாள் பியூலா.

தெருவில் தண்ணீர் லாரி போனது. அது போன பிறகு, தெருமுனையில் ஸ்கூட்டர் ஒன்று வேகத்தைக் குறைத்துத் திரும்புகிற சத்தம் கேட்டது.

கார்த்திகா பென்சிலைக் கீழே போட்டாள். வியாழக்கிழமை ஏன் வருகிறார்கள் என்பது போல ஒரு கணம் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தூக்க வரவில்லை என்றதும் அவளே முழங்கைகளை ஊன்றி உடம்பை இழுக்கத் தொடங்கினாள். பாயைத் தாண்டினாள், அடுக்கி வைத்த சுருள்களைத் தட்டாமல் ஒதுங்கினாள், நிலைப்படியை நெஞ்சால் ஏறி இறங்கினாள். எவ்வளவு வேகம் என்று பியூலா பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்த் திரும்பி, கதவின் அடிப்பாகத்தை விரலால் பற்றி இழுத்தாள். கதவு சாத்திக்கொண்டது.

வண்டி வாசலில் வந்து நின்றது. வெள்ளைத்தாய் டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "எங்கம்மா பிள்ள?" என்றார்.

காளீஸ்வரி எழுந்து உள்ரூம் வாசலில் போய் உட்கார்ந்தாள். கதவுப் பலகையில் கையை வைத்தாள்.

"ஏட்டி கார்த்தி. ஒண்ணுமில்லட்டி. நம்ம டீச்சர்தான். வெளிய வா."

சத்தமே இல்லை.

"அம்மா கூப்பிடுதேன்லா. இனிமே ஒளிய வேணாம்ட்டி. தொற."

டீச்சர் பியூலாவைப் பார்த்தார். காளீஸ்வரி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "நான் கூப்பிட்டாக்கூடப் பதில் சொல்லப்பிடாதுன்னு நான்தான் டீச்சர் படிச்சுக் குடுத்திருக்கேன்."

கதவுக்கு அடியில் இரண்டு விரல்கள் இன்னும் பலகையைப் பிடித்து உள்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தன, நகக்கண் வெளுக்கும் அளவுக்கு.