படுக்கவில்லை, வேலை பார்த்தேன்

"வெளிய வாங்க அண்ணி! இந்த நிமிஷமே வெளிய வாங்க!"

காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களில் ஒன்றைப் பிடித்து நாத்தனார் இழுத்தாள். செருப்பு கையோடு வந்தது. அண்ணி வரவில்லை.

"அடியே, காலை விடு! ஆயில் ஒழுகுதான்னு பாத்துட்டிருக்கேன்."

"ஒழுகட்டும், ஆறா ஓடட்டும்! இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா இல்லையா?"

பிடிபடாத கால் மெல்ல காருக்கு அடியில் நகர்ந்தது. பீரோவுக்குப் பின்னால் திருடன் ஒளிவது போல.

"போட்டேன். இப்பதான். அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா!" இரண்டாவது காலும் பிடிபட்டது.

"மெதுவா இழுடி, பாவி! எலும்பு தேஞ்சவ நான்!"

ரப்பர் பாயோடு சேர்ந்து வெளியே வந்து சேர்ந்தாள் பிரேக்கம்மா. மூக்கு நுனியில் கிரீஸ்.

ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு லாரியைப் பார்த்துப் பாயும்போதெல்லாம் அவள் கால் அதில் இறங்கும். அப்படி வந்த பெயர்தான் பிரேக்கம்மா. தினமும் முதல் ஆள் வருவதற்குள் பாயை விரித்துப் படுத்து வண்டியின் அடிவயிற்றைப் பார்த்துவிடுவாள். பிறகு தலைகீழாகக் குனிந்து தன் பெடலை ஆட்டிப் பார்ப்பாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அதை விட்டதில்லை.

போன வருஷம் ஈரத் தரையில் லேசாக வழுக்கிக் கையை ஊன்றினாள். மணிக்கட்டு காய்ந்த குச்சியாக முறிந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு சத்தமில்லாமல் மெலிந்துகொண்டே வந்திருக்கிறது என்றார். "அடுத்த தடவை இடுப்பா இருந்தா பிரேக்கை மறந்துட வேண்டியதுதான்" என்று வாரத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிரேக் இல்லாத பிரேக்கம்மாவா? மறுபேச்சில்லாமல் ஆரம்பித்தாள். திங்கட்கிழமை என்றால் மாத்திரைக்கிழமை.

ஆனால் கொஞ்ச நாளாக மாத்திரை போட்டால் நெஞ்சுக்குள் அடுப்பு மூட்டியதுபோல எரிச்சல். யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்குப் போட்டதுதான் கடைசி என்று காலையில்தான் முடிவு கட்டியிருந்தாள்.

வீட்டின் முன்னறைதான் பயிற்சிப் பள்ளியின் அலுவலகம். போனை எடுப்பதும் வருகிறவர்களை விரட்டுவதும் நாத்தனார் வேலை. அண்ணியை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு எதிரே நின்றாள்.

"வெறும் வயித்துல ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணி குடிச்சு முழுங்கணும். அப்புறம் அரை மணி நேரம் டீ கூடாது, காபி கூடாது, வேற மாத்திரை கூடாது. முக்கியமா படுக்கக் கூடாது. சொன்னாங்களா இல்லையா?"

"எல்லாம் சரியாத்தான் செய்றேன். நான் எங்கடி படுத்தேன்? வேலை பாத்தேன்."

"முதுகு தரையில, மூஞ்சி மேல, காலு வெளிய. இதுக்கு என்ன பேரு?"

"சர்வீஸ்."

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அது சரி, உனக்கெப்படி இதெல்லாம் மனப்பாடமா தெரியும்? மாத்திரை எனக்கா, உனக்கா?"

அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள் நாத்தனார்.

பிரேக்கம்மா அதைக் கவனித்தாள். ஆனால் நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது. "வக்கீல் மாதிரி கேள்வி கேக்காத. எனக்கு இது ஒத்துக்கலை, எரியுது. இனிமே போட மாட்டேன்."

போன் மேசையில் விழுந்தது. "ஐயையோ, நிறுத்திடாதீங்க அண்ணி!"

குரல் உடைந்திருந்தது. ஒரு மாத்திரைக்கு இவ்வளவு கண்ணீரா? சீரியல் பார்க்கும்போதுகூட இவள் அழுததில்லையே!

"எழுந்திருங்க, டாக்டர்கிட்ட போறோம். உங்க ஃபைல் எங்க?" அலமாரியின் உச்சித் தட்டை நோக்கி எம்பினாள் நாத்தனார். விரல் நுனிதான் தொட்டது. மறுபடி எம்பினாள். "இந்த அலமாரிய அண்ணன் யாருக்கும் தெரியாம மேல ஏத்திட்டாரு. எத்தனை தடவை சொல்றது!"

"ஆமா, உங்கண்ணனுக்கு வேற வேலை இல்லை. அலமாரியும் வளரலை ஒண்ணும் வளரலை. நீதான் சோப்பு மாதிரி கரைஞ்சுட்டு வர்றே." உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து, நோகாமல் ஃபைலை எடுத்தாள் பிரேக்கம்மா.

டாக்டருக்குப் பேத்தி வயது இருக்கும். கண்டிப்பு மட்டும் மாமியார் வயதில் இருந்தது.

"மாத்திரை எப்படிப் போடுறீங்க? செஞ்சு காட்டுங்க."

பிரேக்கம்மா இல்லாத டம்ளரைத் தூக்கி, இல்லாத மாத்திரையை விழுங்கி, இல்லாத தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"அருமை. அப்புறம்?"

பிரேக்கம்மா இல்லாத டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கார் அடியில படுத்துடுவாங்க டாக்டர்" என்றாள் நாத்தனார்.

"படுக்கலை. வேலை பாக்குறேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். "நீங்க வேலை பாக்குறீங்கன்னு மாத்திரைக்குத் தெரியாதும்மா. படுத்தா அது உணவுக்குழாய்லயே தங்கிப் புண்ணாக்கிடும். தலைகீழாக் குனியுறதும் அப்படித்தான். முழுங்கும்போது வலிக்குதா? சாப்பாடு அடைக்குதா?"

"அதெல்லாம் இல்லை, எரிச்சல் மட்டும்தான்."

"எரிஞ்ச அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும். நீங்களா பொறுத்துக்கிட்டுத் தொடரவும் கூடாது, நீங்களா நிறுத்தவும் கூடாது. இப்போதைக்கு நான் சொல்ற வரைக்கும் போடாதீங்க, புண் ஆறட்டும். அப்புறம் உங்களுக்கு லீவு நாளாப் பாத்து ஆரம்பிப்போம். அப்பவும் ஒத்துக்கலைன்னா ஊசி இருக்கு. ஆனா மருந்தே இல்லாம விட்டுட்டா..."

"இடுப்பா?"

"இடுப்பு, முதுகு, எதுவேணா. முதுகெலும்பு நசுங்கினா ஆளோட உயரமே குறைஞ்சுடும்."

பிரேக்கம்மாவின் கால் மேசைக்கடியில் 'டக்'கென்று தரையை மிதித்தது.

"கால்சியம் மாத்திரைய மதியத்துக்குத் தள்ளிடுங்க. பல்லு பிடுங்குறதா இருந்தா, இந்த மருந்து எடுக்குறேன்னு பல் டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க." டாக்டரின் பார்வை பக்கத்து நாற்காலிக்குத் தாவியது. "நீங்க எப்படி இருக்கீங்க? உங்களைப் பாத்து ரொம்ப நாளாச்சே."

"எனக்கென்ன டாக்டர், கல்லு மாதிரி இருக்கேன்!" நாத்தனார் எழுந்து கதவைத் திறந்தாயிற்று.

திரும்பும் வழியெல்லாம் நாத்தனாருக்கு ஒரே கேள்வி.

"அப்போ மாத்திரை மேல தப்பில்லை?"

"இல்லை."

"படுத்ததுதான் தப்பு?"

"அடியே, சிக்னல் போட்டா ஒரு தடவை போடு. எத்தனை தடவை போடுவே?"

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நாத்தனார் கைப்பையைக்கூட வைக்கவில்லை. அலமாரியின் அதே உச்சித் தட்டைக் காட்டினாள்.

"அண்ணி, அந்த பிஸ்கட் டப்பாவ எடுங்க."

"பசிக்குதா?"

"எடுங்களேன்."

பிரேக்கம்மா கையை உயர்த்தி எடுத்தாள். குலுக்கினாள். பிஸ்கட் சத்தம் இல்லை. மூடியைத் திறந்தாள்.

உள்ளே ஒரு மாத்திரை அட்டை. திங்கட்கிழமைகளில் அவள் பார்த்துப் பழகிய அதே அட்டை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. மருந்துக்கடைக்காரர் ஒட்டிய சீட்டில் நாத்தனாரின் பெயர்.

"உனக்கும் எழுதிக் கொடுத்தாங்களா? எப்போ?"

"உங்களுக்கு முன்னாடியே. பயமா இருந்துச்சு. அப்புறம் நீங்க ஆரம்பிச்சீங்களா, சரி, உங்களுக்கு என்ன ஆகுதுன்னு பாத்துட்டு..."

"என்னைச் சோதனை எலியாக்கிட்டியேடி!"

"நல்லா ஓடுற எலியாச்சேன்னுதான்."

பிரேக்கம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டப்பாவையும் கார் சாவியையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டாள். "ஏறு வண்டியில. டாக்டர் கிளம்புறதுக்குள்ள போயிடலாம். இவ்ளோ உயரத்துல ஒளிச்சு வச்சிருக்கியே, எந்த ஸ்டூல்ல ஏறினே? விழுந்து தொலைச்சிருந்தா?"

நாத்தனார் உச்சித் தட்டைப் பார்த்தாள்.

"ஸ்டூல் எதுவும் போடலை அண்ணி. வச்ச அன்னிக்கு எனக்குக் கை எட்டுச்சு."